உட்சுவர் உடைந்த கடைவாய்ப் பல்லுக்கு கேப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் மளிகைக் கடை நடத்துபவர் அவர். வயது 48. கீழ்த்தாடையில் வலப்பக்கத்து முதல் பெரிய கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது என்று எங்கள் க்ளினிக்குக்கு வந்தார். வறுகடலை கொறிக்கும்போது சடக்கென்று சத்தம் கேட்டிருக்கிறது, அப்புறம் நாக்கை ஏதோ கூராக உரசத் தொடங்கியிருக்கிறது. வலி இல்லை. 2 ஆண்டுகளுக்கு முன் அதே பல்லுக்கு வேறோர் இடத்தில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்திருந்தார். பல்லுக்குள் நரம்பே இல்லாதபோது பல் உடைந்தாலும் பெரும்பாலும் வலிக்காது.

வேர் சிகிச்சை முடிந்ததும் கேப் (பல்லை மூடும் உறை) போடச் சொன்னார்களா என்று கேட்டேன். சொன்னார்களாம். "வலி போயிடுச்சுங்க டாக்டர், அதுக்கு மேல எதுக்குச் செலவுன்னு விட்டுட்டேன்" என்றார். இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வேர் சிகிச்சைக்கு ஒரு தொகை, கேப்புக்குத் தனியாக ஒரு தொகை என்று பிரித்துச் சொன்னால், இரண்டாவது வேண்டுமானால் செய்துகொள்ளலாம் என்பது போலத்தான் யார் காதிலும் விழும்.

வேர் சிகிச்சை செய்த பல் உள்ளே காய்ந்துபோய் உடைகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மைக் காரணம் வேறு. பல்லின் முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கும் மேல்விளிம்புகள்தான் கன்னப்பக்கச் சுவரையும் நாக்குப்பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்து நிற்கின்றன. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்காக மேலே திறக்கும் துளை மட்டும் இருந்தால் பல்லின் விறைப்பு ஏறத்தாழ 5 சதவீதமே குறைந்தது. இரண்டு விளிம்புகளும் போன பற்களில் இழப்பு 63 சதவீதம். இவருக்குச் சொத்தை அந்த இரண்டு விளிம்புகளையும் முன்பே தின்றிருந்தது. நடுவில் வெள்ளை ஃபில்லிங், இரு பக்கமும் துணையில்லாமல் நிற்கும் சுவர்கள். இந்த நிலையில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நாக்குப்பக்கச் சுவர்தான் முதலில் போகும். இவருக்கும் அதுவே போயிருந்தது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். கடைசி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.1 சதவீதம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று கூட வந்த மனைவி சொன்னார்.

பரிசோதனையில் கண்டது

நாக்குப்பக்கத்தின் இரண்டு முகடுகளும் (பல்லின் மேலே புடைத்து நிற்கும் முனைகள்) இல்லை. உடைந்த விளிம்பு ஈறு மட்டத்தில் இருந்தது. பழைய ஃபில்லிங் அசையவில்லை, ஆனால் ஓரத்தில் புதுச் சொத்தை தொடங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் வேர்க்குழாய்கள் நுனிவரை நன்றாக அடைக்கப்பட்டிருந்தன. வேர் நுனியில் கருநிழல் இல்லை. தட்டினால் வலியில்லை.

பல்லைச் சுற்றி ஈறின் ஆழத்தை அளந்தேன். எல்லா இடத்திலும் 2 முதல் 3 மி.மீ. தான். ஓரிடத்தில் மட்டும் குறுகலாகவும் ஆழமாகவும் அளவுகோல் இறங்கினால் வேரே நெடுக்காகப் பிளந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி எங்கும் இறங்கவில்லை. கோரைப் பற்களின் முனைகள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. மனைவி சொன்னது சரிதான்.

அவருடைய முதல் கேள்வி, "சிர்கோனியா போடலாமா, மெட்டலா? எதுக்கு வாரண்டி அதிகம்?" சிர்கோனியா என்பது பல் நிறத்தில் இருக்கும் உறுதியான பீங்கான் வகை. கேப் என்றாலே எல்லோரும் கேட்பது இதைத்தான். கேப்பைச் செய்யும் லேப் தரும் வாரண்டி அட்டை கேப் உடைவதற்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. கேப் தோற்கும் பல வாய்களில் கேப் முழுதாகவே இருக்கும். அதன் ஓரத்தில் சொத்தை நுழைந்திருக்கும், ஒட்டு விட்டிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் பல் கேப்போடு சேர்ந்து ஒடிந்திருக்கும். எனவே எந்தப் பொருள் என்பதை அப்புறம் பேசலாம், இந்தப் பல் கேப்பைத் தாங்குமா என்று முதலில் பார்ப்போம் என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் தலையாட்டினார்.

பல்லைக் காப்பதா, எடுப்பதா

மூன்று வழிகள் இருந்தன. பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம். எடுத்துவிட்டு, இரு பக்கத்துப் பற்களையும் செதுக்கி, அவற்றின் மேல் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் போடலாம். அல்லது இருப்பதைக் காப்பாற்றி கேப் போடலாம். பக்கத்துப் பற்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்ததால் பிரிட்ஜுக்காக அவற்றைச் செதுக்க எனக்கு மனமில்லை. இம்ப்ளான்ட் எப்போது வேண்டுமானாலும் கைவசம் இருக்கும் வழி. இன்று பல்லைக் காப்பாற்றினால் நாளைக்கு அந்த வழி அடைபடப் போவதில்லை. அதனால் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதே சரியான வரிசை என்று முடிவு செய்தோம்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள். உடைப்பின் விரிசல் பல்லின் உள்தரை வழியாகக் குறுக்கே ஓடக் கூடாது. கேப்பின் விளிம்புக்கு மேலே சொந்தப் பல் போதிய உயரம் நிற்க வேண்டும்.

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பு) கட்டி, பழைய ஃபில்லிங்கை முழுவதும் எடுத்து, நீலச் சாயம் தடவிக் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்தோம். விரிசல் இருந்தால் அங்கே சாயம் கோடாகத் தங்கும். தரை சுத்தமாக இருந்தது. கோடு குறுக்கே போயிருந்தால் பல்லை எடுத்துவிடுவது என்று அவரிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கியிருந்தேன். நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பவரிடம் புதிதாகச் சொல்லும் செய்தியல்ல அது.

இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கல். கேப் நிலைப்பது ஒட்டும் சிமென்ட்டின் பலத்தால் மட்டும் அல்ல. உலக்கை நுனியில் மாட்டும் பூண் மரத்தைச் சுற்றிப் பிடித்து அது பிளக்காமல் காப்பதுபோல, கேப்பின் அடிப்பகுதி சொந்தப் பல்லைச் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குக் கவ்வ வேண்டும். இந்தக் கவ்வலைப் பல் மருத்துவத்தில் ஃபெரூல் என்கிறோம். ஃபில்லிங்கைச் சுற்றிக் கவ்வினால் அது கணக்கில் வராது, பல்லையே கவ்வ வேண்டும். இவருக்கு மூன்று பக்கம் 3 மி.மீ. இருந்தது. நாக்குப் பக்கம் ஒன்றுமே இல்லை.

வேருக்குள் கம்பி வைத்தால் போதாதா என்று அவரும் கேட்டார். கம்பி மேலே கட்டும் ஃபில்லிங்கைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேருக்கு அது பலம் சேர்ப்பதில்லை, அதற்காகக் குழாயைக் குடைவதில் வேர் மெலிவதுதான் மிச்சம். கடைவாய்ப் பல்லில் நரம்பு இருந்த அறையே போதுமான இடம் தருகிறது. குழாய் வாய்களிலிருந்து 2 மி.மீ. அளவுக்கு அடைப்பை எடுத்துவிட்டு, அங்கிருந்தே பல் நிற ஃபில்லிங் பொருளான காம்போசிட்டை ஒட்டி மேலே கட்டினோம். கம்பி வைக்கவில்லை.

ஈறும் எலும்பும்

கேப்பின் விளிம்பை ஈறுக்குள் ஆழமாக இறக்கிவிட்டால் ஃபெரூல் கிடைத்துவிடுமே என்று தோன்றும். பல்லோடு ஈறு ஒட்டியிருக்கும் பட்டை எலும்புக்கு மேலே ஏறத்தாழ 2 மி.மீ. அகலம் உள்ளது. 1961-இல் அளந்து சொன்ன கணக்கு இது, இன்றும் எல்லோரும் பயன்படுத்துவது. கேப்பின் விளிம்பு இந்தப் பட்டைக்குள் புகுந்தால் ஈறு எப்போதும் சிவந்து கிடக்கும், தொட்டால் ரத்தம் வரும், காலப்போக்கில் எலும்பு கீழே இறங்கும். அதனால் விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே 3 மி.மீ. விடுவது வழக்கம்.

மரத்துப்போக ஊசி போட்டு அளந்ததில், உடைந்த விளிம்பிலிருந்து எலும்பு வரை 3 மி.மீ. இருந்தது. ஃபெரூலுக்கு இன்னும் 1.5 மி.மீ. வேண்டும். அதாவது நாக்குப்பக்கத்தில் அந்த அளவுக்கு எலும்பைச் சீவி ஈறை இறக்க வேண்டும். 2 மி.மீ. சீவினால் ஃபெரூல் இன்னும் நன்றாகக் கிடைத்திருக்கும். ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கத்தில், பல்லின் கழுத்திலிருந்து சுமார் 4 மி.மீ. கீழே இரண்டு வேர்களும் பிரிகின்றன. அந்தக் கவை வெளியே தெரிந்துவிட்டால் சுத்தம் செய்யவே முடியாத குகை ஒன்றை நாமே திறந்துவிட்டதாகும். 1.5 மி.மீ.-இல் நிறுத்தினோம். இந்த ஆய்வில் மற்ற முடிவுகளையெல்லாம் விட இந்த அரை மி.மீ. பற்றித்தான் அதிக நேரம் யோசித்தோம்.

அறுவை முடிந்து 8 வாரம் காத்திருந்தோம். ஈறு ஓரிடத்தில் நிலைப்பதற்கு முன் அளவு எடுத்தால், கேப் வந்தபின் ஈறு வேறு மட்டத்தில் நிற்கும். சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் புண் தாமதமின்றி ஆறியது.

எந்தப் பொருள்

இப்போதுதான் அவருடைய முதல் கேள்விக்கு வந்தோம். முழு மெட்டல் கேப்புக்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், விலையும் குறைவு, கடிக்கும் பழக்கத்தையும் தாங்கும். நிறம் மட்டுமே குறை. மெட்டல் மேல் பீங்கான் பூசிய கேப்புக்கு மேற்பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை செதுக்க வேண்டும். தூக்கத்தில் பல் கடிப்பவருக்குப் பீங்கான் செதில் செதிலாகப் பெயரும் ஆபத்தும் உண்டு. மேலே பீங்கான் பூசாத முழு சிர்கோனியா, கடைவாய்ப் பல்லில் 1 மி.மீ. முதல் 1.5 மி.மீ. இடத்திலேயே நிற்கும்.

பல்லின் உயரம் ஏற்கெனவே குறைவு, அதில் மேலும் செதுக்க எனக்கு விருப்பமில்லை. மெட்டலே போதும் என்பது என் கருத்து, சொன்னேன். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறவர், சிரித்தால் அந்தப் பல் தெரியும் என்றார். முழு சிர்கோனியா என்று முடிவானது.

செதுக்கியதும் அளவெடுத்ததும்

செதுக்குவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்துக் குறித்துக்கொண்டோம். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அந்த நிறத்துக்கு கேப் செய்தால் வாயில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

மேற்பரப்பில் ஆழம் காட்டும் பள்ளங்கள் போட்டு 1.2 மி.மீ. எடுத்தேன். சுவர்கள் மேலே போகப்போகச் சற்றே குறுக வேண்டும். அதிகம் குறுகினால் கேப் கழன்று வரும், குறுகாவிட்டால் கேப் உள்ளே இறங்காது. நாக்குப்பக்கச் சுவர் குட்டையாக இருந்ததால் பக்கச் சுவரில் ஒரு பள்ளக்கோடு போட்டேன். கேப் சாய்ந்து கழல்வதை அது தடுக்கும். மூலைகளையெல்லாம் மழுக்கினேன். கூர்மூலை இருந்தால் சிர்கோனியாவில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மருந்தில் நனைத்த மெல்லிய நூலைச் செருகி ஈறை விலக்கி, சிலிக்கான் பசையில் அளவு எடுத்தோம். முதல் அளவில் நாக்குப்பக்க விளிம்பில் ஒரு காற்றுக்குமிழி. மீண்டும் எடுத்தோம். குமிழி இருந்த இடத்தில் லேப் டெக்னீஷியன் யூகித்துத்தான் விளிம்பு வரைய முடியும். நமக்குத் தெரியாத ஒன்று அவருக்கு எப்படித் தெரியும்?

லேபில் மாதிரியை ஸ்கேன் செய்து, கணினியில் வடிவமைத்து, சுண்ணாம்புக்கட்டி பதத்தில் இருக்கும் சிர்கோனியாவை இயந்திரத்தில் கடைந்து எடுக்கிறார்கள். உலையில் சுமார் 1,500 டிகிரி செல்சியசில் சுடும்போது அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும். அதற்கேற்பப் பெரிதாகவே கடைந்திருப்பார்கள்.

தற்காலிக கேப் கழன்றது

அன்றே பிளாஸ்டிக்கில் தற்காலிக கேப் ஒட்டி அனுப்பினோம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. நாலாம் நாள் கடலை மிட்டாயோடு கேப் கழன்று வந்துவிட்டது. வலி இல்லாததாலும் கடையில் கூட்டம் என்பதாலும் அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரிஜினல் வந்த அன்றுதான் வந்தார். இடையில் 6 நாள்.

தற்காலிக கேப் அழகுக்காகப் போடுவதல்ல. அது பக்கத்துப் பற்களையும் எதிர்ப் பல்லையும் தத்தம் இடத்தில் நிறுத்தி வைக்கிறது. செதுக்கிய பல் வெறுமையாக இருந்தால் பின்பல் மெல்ல முன்னே சாயத் தொடங்கும். நகர்வது மி.மீ.-இல் ஒரு சிறு பங்குதான் என்றாலும் கேப் இறங்காமல் போக அது போதும்.

பொருத்திப் பார்த்தபோது அதுவே நடந்தது. கேப் முழுதாக இறங்கவில்லை, ஓரத்தில் ஊசிமுனை மாட்டியது. இந்த இடத்தில் பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் பக்கத்துப் பற்களோடு உள்ள தொடுகை, அடுத்து விளிம்பு, கடைசியில்தான் கடி. தொடுகை இறுக்கமாக இருக்கும்போது விளிம்பில் இடைவெளி தெரிந்தால் லேபைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பின்பல் பக்கம் பல்நூல் இறங்கவே மறுத்தது.

புதுத் தற்காலிக கேப் போட்டு மீண்டும் அளவு எடுப்பது ஒரு வழி. தொடுகையைச் சீவிப் பொருத்துவது இன்னொன்று. சாய்வு மிகச் சிறிதாக இருந்ததாலும், பண்டிகை முடியும் வரை அவரால் மறுபடி வர முடியாது என்பதாலும் இரண்டாவதைத் தேர்ந்தோம். வண்ணத்தாளில் பதிந்த இடத்தை மட்டும் தண்ணீர் விட்டுச் சீவி, மெருகேற்றினோம். கேப் இறங்கியது. எக்ஸ்ரே எடுத்து, விளிம்பு மூடியிருப்பதை உறுதி செய்தபின்தான் ஒட்டத் தயாரானோம்.

ஒட்டியது

வாயில் வைத்துப் பார்த்த சிர்கோனியாவில் எச்சிலின் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். அது இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. மற்றப் பீங்கான்களைச் சுத்தம் செய்வதுபோல இதற்குப் பாஸ்போரிக் அமிலம் போடக் கூடாது, அது இன்னும் பாஸ்பேட்டைச் சேர்க்கும். உட்புறத்தில் நுண்ணிய அலுமினாத் துகளைப் பீய்ச்சி, சிர்கோனியாவுக்கான பிரைமர் தடவி, ரெசின் சிமென்ட்டால் ஒட்டினோம். சுவர் உயரமாக இருந்திருந்தால் சாதாரண கிளாஸ் அயனோமர் சிமென்ட்டே போதும். ஈறுக்கடியில் வழிந்த சிமென்ட்டை முடிச்சுப் போட்ட பல்நூலால் இழுத்து எடுத்தோம். அங்கே ஒரு துணுக்கு தங்கினாலும் ஈறு வீங்கும்.

கடியைச் சரிபார்த்து, சீவிய இடங்களை மறுபடி மெருகேற்றினோம். மெருகு இல்லாத சிர்கோனியா எதிர்ப் பல்லின் எனாமலை அரம்போலத் தேய்த்துவிடும். இரவில் மாட்ட நைட் கார்டும் செய்து கொடுத்தோம்.

தொடர்ந்து நடந்தது

இரண்டு வாரத்தில், அழுத்திக் கடித்தால் லேசாக வலிக்கிறது என்று வந்தார். நரம்பு எடுத்த பல்லுக்கு எப்படி வலி என்று அவருக்கு ஆச்சரியம். பல்லுக்குள் நரம்பு இல்லாவிட்டாலும் வேரைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு உணர்ச்சி உண்டு. தாடையைப் பக்கவாட்டில் அசைக்கும்போது கேப்பின் ஒரு முகடு உயரமாகப் பட்டது. அதைத் தணித்ததும் வலி நின்றது.

ஆறாம் மாதம் ஈறு நன்றாக இருந்தது. அடுத்த சில மாதங்களில் புதுப் புகார்: கீரை நாரும் கறி நாரும் கேப்புக்கும் பின்பல்லுக்கும் நடுவே சிக்குகின்றன. பல்நூலை விட்டால் தடையே இல்லாமல் இறங்கியது. சாய்ந்த பின்பல்லுக்கு ஏற்றபடி தொடுகையைச் சீவியிருந்தோம், அந்தப் பல் மெல்ல நிமிர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். இடைப்பல் பிரஷ் கொடுத்து, பயன்படுத்தும் விதத்தைக் காட்டினோம். ஒழுங்காகப் பயன்படுத்தினார். நைட் கார்டைத்தான் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் கேப் உறுதியாக இருந்தது. நாக்குப்பக்க ஈறின் ஆழம் 3 மி.மீ., ரத்தமில்லை, வேர் நுனிகள் எக்ஸ்ரேயில் சுத்தம். பின்பல்லின் முன்பக்கத்தில் மட்டும் சிறு சொத்தை தொடங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு ஃபில்லிங்கைச் சற்றுப் புடைப்பாகக் கட்டி, தொடுகையை மீட்டோம். நார் சிக்குவது நின்றது.

மாற்றியவை

தற்காலிக கேப் கழன்றால் வலி இல்லாவிட்டாலும் மறுநாளுக்குள் வர வேண்டும் என்பதை இப்போது எழுதிக் கொடுக்கிறோம். அப்படியும் நாலைந்து நாள் வெறுமையாக விட்டவருக்கு, சீவிப் பொருத்துவதற்குப் பதிலாகப் புதுத் தற்காலிக கேப்பைச் சரியான தொடுகையோடு போட்டு, பற்கள் இடம் திரும்பியபின் ஒரிஜினலைப் பொருத்திப் பார்க்கிறோம். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரங்களில், அவசரமில்லாத பல்லைச் செதுக்குவதே இல்லை.

கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்குச் செலவு சொல்லும்போது கேப்பையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறோம். வேர் சிகிச்சை முடிந்து கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் பிடுங்கப்பட்டதாக 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தொகையைக் கேட்டு, பல்லை எடுத்துவிடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. கேப்பை ஆறு மாதம் கழித்துப் போட்டுக்கொள்கிறேன் என்பவருக்கு, அதுவரை சுவர் பிளக்காதபடி முகடுகளை 1.5 முதல் 2 மி.மீ. தணித்து, மேலே காம்போசிட்டால் மூடி அனுப்புகிறோம்.